கல்வெட்டிலிருந்து போர்வைக்கு

என் அம்மப்பாவின் முகம் எங்களிடம் ஒரேயோர் இடத்தில்தான் இருந்தது: அவருடைய கல்வெட்டின் முதற்பக்கத்தில். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டியில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்போம். முன்னால் இறந்தவரின் படம், உள்ளே தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகள். அம்மப்பாவின் கல்வெட்டு 1974இல் அச்சானது. தோளில் சால்வை, நெற்றியில் மூன்று குறித் திருநீறு, கமராவை நம்பாத பார்வை. மூலப்படம் இல்லை. புளொக் செய்ய அச்சுக்கூடத்துக்குக் கொடுத்த படம் திரும்பி வரவேயில்லை என்று அம்மா சொல்வார்.

அந்தக் கல்வெட்டு தப்பியது, அது சாமியறையில் தேவாரப் புத்தகத்துக்குள் கிடந்ததால். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கி வர, வலிகாமத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு எழுந்து நடந்தபோது, அம்மா காணி உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் தேவாரப் புத்தகத்தையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டினார். அல்பம் பாரம். அதிலிருந்து கைக்கு வந்த படங்களை மட்டும் கழற்றி அதே பைக்குள் செருகினார். எனக்கு அப்போது பதினேழு வயது. செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த அந்தக் கூட்டத்தில் நானும் தம்பியின் கையைப் பிடித்தபடி நின்றேன். மழை பெய்தது. பைக்குள் தண்ணீர் போனது சாவகச்சேரிக்கு வந்து அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றின் ஓரங்களில் மண்ணிறக் கறை ஏறியிருந்தது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் கூரையும் இல்லை, அல்பமும் இல்லை.

இந்தப் படங்களைத் துணியில் பதித்து ஒரு போர்வை தைக்கலாம் என்ற எண்ணம் பிறகு கனடாவின் ஸ்காபரோவில், நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில்தான் வந்தது. அங்கே ஒரு கனடிய மூதாட்டியின் கட்டிலில் ஒரு குவில்ட் விரித்திருக்கும். துணித் துண்டுகளைச் சதுரம் சதுரமாகப் பொருத்தி, நடுவில் பஞ்சு, கீழே இன்னொரு துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த போர்வை. அவருடைய சதுரங்களில் முகங்கள் இருந்தன. கலியாணப் படம், பண்ணை வீடு, குதிரை வண்டி, பட்டாள உடுப்பில் ஒரு பையன். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் நான் கட்டில் விரிக்கும்போது ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்துப் பெயர் சொல்வார். சுவரில் தொங்கும் படத்தை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் அம்மாவின் பார்வையும் குறைந்துகொண்டு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய். நேரே பார்த்தால் நடுவில் ஒரு மறைப்பு நிற்கும், ஓரங்கள் மட்டும் தெரியும். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படங்கள் அவருக்கு வெறும் சாம்பல் புள்ளிகளாகிவிட்டன. படத்தைப் பெரிதாக்க வேண்டும், கையால் தொட்டு எது எங்கே என்று அறிய முடிய வேண்டும். கடதாசியால் இரண்டாவது வேலை ஆகாது.

ஆட்களின் நினைவைத் துணியில் வைத்துக்கொள்ளும் ஆசை இந்தக் கண்டத்தில் புதிதல்ல. அமெரிக்காவில் 1840களிலேயே, ஊரைவிட்டு மேற்கே போகிறவர்களுக்கு உறவுகளும் அயலவர்களும் ஆளுக்கொரு துண்டில் கையெழுத்திட்டுப் போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என்னை உலுக்கியது எய்ட்ஸ் நினைவுக் குவில்ட். சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியில் 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு துண்டும் மூன்று அடி அகலம், ஆறடி நீளம், ஒரு புதைகுழியின் அளவு. அந்த வருடம் ஒக்டோபர் 11ஆம் திகதி வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். ஊர் ஒதுக்கிவைத்து, சரியான செத்தவீடுகூடக் கிடைக்காத பிள்ளைகளின் பெயர்களைத் தாய்மாரும் நண்பர்களும் துணியில் தைத்தார்கள். அதைப் பற்றி வாசித்த இரவு, பெயரோடு புதைக்கப்படாத எங்கள் ஆட்களை நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

“இதென்ன பிள்ளை, அப்பாவின்ர முகத்தில கால் படப் படுக்கிறதோ?”

அந்தக் கேள்விக்கு நான் வாசித்த குவில்ட் புத்தகம் எதிலும் பதில் இல்லை. அவற்றில் முகங்கள் எல்லா மூலைகளிலும் இருக்கும். எங்கள் வீட்டிலோ புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். நாங்கள் இரண்டு பேரும் தரையில் பழைய பெட்சீற்றை விரித்து, கடதாசித் துண்டுகளை அடுக்கி அடுக்கிப் பேசினோம். போர்வையின் வடிவம் அந்தப் பேச்சில்தான் பிறந்தது. முகங்களெல்லாம் தோள் பக்கம், இடுப்புக்கு மேலே. இடுப்புக்குக் கீழே ஆட்கள் இல்லை: வீட்டு முற்றத்துக் கிணறு, பனங்கூடல், அம்மாவின் பழைய சேலைகள். கால்மாட்டில் வெறும் சேலைத் துணி. எந்தப் பக்கம் தலைமாடு என்பதைக் கண் தெரியாமலே அறிய, மேல் ஓரத்தில் தடித்த நூலால் ஒரு வரித் தையல்.

அதோடு முடியவில்லை. “செத்தவையையும் இருக்கிறவையையும் ஒரு வரிசையில வைக்காதை” என்றார். இறந்தவர்கள் மேல் வரிசை, இருப்பவர்கள் கீழ் வரிசை, இடையில் ஒரு சேலைக் கரை. சுற்றிவர வெள்ளைத் துணி பிடிக்க நினைத்திருந்தேன். “வெள்ளை வேண்டாம், அது செத்தவீட்டுக் கோலம்” என்றார். மஞ்சள் பிடித்தோம். அம்மா சொன்ன ஒவ்வொரு மறுப்பும் போர்வையை எங்களுடையதாக்கியது. இப்போது பார்க்கும் யாரும் அதைக் கனடிய வீட்டுக் குவில்ட் என்று சொல்லமாட்டார்கள்.

இனி, படம் துணியில் ஏறும் வேலை. கடைகளில் கொடுத்தால் அநேகமாகப் பொலியெஸ்டரில்தான் பதித்துத் தருவார்கள். அந்த முறையில் சாயம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகுகிறது. நிறம் அழியாது, ஆனால் பருத்தியில் அது பிடிக்காது. அம்மா வாழ்நாள் முழுவதும் பருத்தியில் தூங்கியவர். பொலியெஸ்டரைத் தொட்டதும் கையை எடுத்துவிடுவார். இன்னொரு முறை, படத்தை ஒரு தாளில் இடம்வலமாகப் புரட்டி அடித்து, சூடான அயனால் துணிக்கு மாற்றுவது. ரீசேட்டுகளில் செய்வது இதுதான். அது துணியின்மேல் ரப்பர் போன்ற ஒரு படலத்தை விட்டுப்போகும். நாளடைவில் வெடிக்கும், ஊசி அதில் சிக்கும், தடவினால் துணி தெரியாது. எனக்குத் துணியே படமாக வேண்டியிருந்தது.

அதற்கு வழி வீட்டுப் பிரின்டர்தான். நெருக்கமாக நெய்த, பசை போடாத வெள்ளைப் பருத்தியை வாங்கித் துவைத்து உலர்த்த வேண்டும். இறைச்சி சுற்ற விற்கும் ஃபிரீசர் பேப்பரின் ஒரு பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அந்தப் பக்கத்தைத் துணியின் முதுகில் வைத்து நீராவி இல்லாத சூட்டில் அயன் பண்ணினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரின்டருக்குள் போகும் அளவுக்குத் தாளாக வெட்டி, ஓரத்தில் தொங்கும் ஒரு நூல்கூட இல்லாமல் கத்தரித்து, ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும். ஒரு நூல் நீண்டிருந்தாலும் மை தெளிக்கும் தலையில் மாட்டும். லேசர் பிரின்டரில் இதைச் செய்யவே கூடாது. அதன் சூட்டில் அந்தப் பூச்சு உருகி உள்ளே ஒட்டிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் மை. இங்க்ஜெட் மைகள் இரண்டு வகை. ஒன்றில் சாயம் நீரில் கரைந்திருக்கும், மற்றதில் நிறமித் துகள்கள் மிதக்கும். இரண்டு வகையிலும் ஒரே வேப்பங்கொத்தின் படத்தை அடித்துக் குளிர்நீரில் அலசிப் பார்த்தேன். சாய மை சில நொடிகளில் நீலமும் சிவப்புமாகப் பிரிந்து ஓடிவிட்டது. நிறமி மை நின்றது. சாய மைப் பிரின்டர்தான் வீட்டில் இருக்கிறதென்றால், துணியை முன்கூட்டியே அதற்கான மருந்தில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பூச்சுப் போட்டுப் பின்னால் தாள் ஒட்டிய துணித் தாள்களும் கடையில் கிடைக்கின்றன. விலை கூட, ஆனால் வேலை குறைவு. நேரம் இல்லாதவர்களுக்கு அதையே சொல்வேன்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் துணியில் அப்படியே வராது. வீட்டுப் பிரின்டர் சாம்பல் நிறத்தையும் பல மைகளைக் கலந்தே உண்டாக்குவதால், ஒரு முகத்தில் பச்சை ஓடும், இன்னொன்றில் இளஞ்சிவப்பு ஓடும். துணி மையைக் குடித்து இருட்டை இன்னும் இருட்டாக்கும். ஆகவே படங்களையெல்லாம் மெல்லிய மண்ணிறத்துக்கு மாற்றி, நிழல்களைச் சற்று வெளுப்பாக்கி, கண்ணும் புருவமும் எடுப்பாகத் தெரியும்படி செய்து அடித்தேன்.

அம்மப்பாவின் படம் வேறு விதமாகப் பாடுபடுத்தியது. கல்வெட்டில் இருப்பது புகைப்படமல்ல, புளொக்கில் அச்சடித்த புள்ளிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூக்கும் இல்லை, வாயும் இல்லை, பெரிதும் சிறிதுமான கறுப்புப் புள்ளிகள் மட்டும்தான். அதை ஸ்கான் பண்ணினால் புள்ளி வரிசையும் ஸ்கானரின் வரிசையும் மோதி, முகத்தின் குறுக்கே அலை அலையாகக் கோடுகள் வருகின்றன. ஸ்கானர்களில் அச்சுப்படங்களுக்கென்று ஒரு தெரிவு உண்டு, புள்ளிகளைக் கலைத்துத் தரும். அதை இயக்கி, கூடிய நுணுக்கத்தில் ஸ்கான் எடுத்து, பிறகு அளவைக் குறைத்தேன். உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக்கவில்லை. பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடும். கடதாசியில் அடித்தபோது இன்னும் கொஞ்சம் கரடாகத்தான் தெரிந்தது. பருத்தியில் அடித்தபோது நெசவின் இழைகளுக்குள் மிச்சப் புள்ளிகளும் அடங்கின. உலோகப் புளொக்கிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து துணிக்கு வந்த அந்த முகத்தில் பார்வை மாறவேயில்லை. அம்மா அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஓரக்கண்ணால் பார்க்கத் தலையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, “அப்பாதான்” என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

என் பெறாமகன், தங்கையின் மூத்தவன், மழைக்கறைகளை நீக்கி, படங்களுக்கு நிறமும் ஏற்றித் தருவதாகச் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். அந்தக் கறை நாவற்குழியில் ஏறியது. அதை அழித்தால் நாங்கள் நடந்தது படத்தில் இல்லாமல் போய்விடும். நிறமும் அப்படித்தான். அவன் மாதிரிக்குக் காட்டிய படத்தில் அம்மம்மாவின் சேலைக்கு மெசின் ஒரு நீலத்தைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

“நீலமோ? கத்தரிப்பூ நிறம். தலைப்பில பச்சைக் கரை. தீவாளிக்கு அப்பா வேண்டிக் குடுத்தவர்.”

அம்மம்மாவின் மண்ணிறப் படத்தைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத் துணியும் அதன் ஓரத்தில் பச்சையும் வைத்துத் தைத்தேன். பழைய படங்களில் நிறம் தெரிய வேண்டுமென்றால் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை: நிறத்தை அறிந்தவரிடம் கேட்டு, பக்கத்தில் வைப்பது.

சேலைகளை வெட்டுவதற்கு அம்மா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். நைந்த கைத்தறிச் சேலைகளை உடனே தந்துவிட்டார். கூறைச்சேலையைக் கேட்டபோது எழுந்து போய்விட்டார். மறுநாள் தானே எடுத்துவந்து, வெளியே தெரியாத உள்தலைப்பில் ஒரு சாண் அளந்து, அவரே கத்தரிக்கோலைப் பிடித்தார். பட்டு நூல் பிரிந்து ஓடும். பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுத்துணியை மிதமான சூட்டில் ஒட்டிய பிறகே தைக்க வேண்டும். சரிகைமேல் அயன் நேரே படக்கூடாது, நடுவே ஒரு துணி போட வேண்டும்.

எங்கள் பெரியம்மாவின் மகன் ஒருவருக்குப் படம் இல்லை. அவர் ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போனவர். திரும்பி வரவில்லை. சோதனைகளுக்குப் பயந்து, வீட்டில் அவர் இருந்த படங்கள் எல்லாவற்றையும் பெரியம்மா ஒரு மத்தியானம் அடுப்பில் போட்டார். குடும்பப் படமொன்றில் அவர் நின்ற பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. தொலைபேசியில் பெரியம்மாவிடம் போர்வையைப் பற்றிச் சொன்னபோது அவர் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு சின்னப் பொதி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஒரு சாரத்தின் துண்டு. மேல் வரிசையா கீழ் வரிசையா என்று அம்மாவிடம் கேட்டேன். பெரியம்மா இன்னும் அவருக்குத் திதி கொடுக்கவில்லை. இரண்டு வரிசைக்கும் இடையில் ஓடிய சேலைக் கரையை நடுவில் வெட்டி, அந்தச் சதுரத்தை அங்கே வைத்தோம். அதில் படம் இல்லை. வீட்டில் அவரைக் கூப்பிடும் பெயரை மட்டும் நூலால் எழுதினேன்.

பெயர்களைத் தைப்பது தொடக்கத்தில் என் திட்டத்திலேயே இருக்கவில்லை. படங்களை அடுக்கும்போதுதான் எங்கள் நிலைமை விளங்கியது. தம்பிக்கும் எனக்கும் பாதிப் பேரைத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவரையும் தெரியாது. அம்மாவின் பார்வையோ குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்தையும் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்டி, “இது ஆர் அம்மா?” என்று கேட்டு எழுதினோம். அம்மாவுக்குத் தெரியாதவர்களின் படங்களை வட்ஸ்அப்பில் பெரியம்மாவுக்கு அனுப்பினோம். அவரிடமிருந்து பெயர் மட்டும் வராது. யார் மகள், எந்த ஊரில் கட்டினார், எத்தனை பிள்ளை, ஏன் ஒரு காலம் கதை பேச்சு இல்லாமல் இருந்தார்கள் என்று எல்லாம் சேர்ந்து வரும். கல்வெட்டின் வம்சாவளியில் வெறும் பெயராக இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக முகம் கிடைத்தது. ஒரேயொரு பெண்ணை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஸ்ரூடியோத் திரைக்கு முன்னால், கையில் விசிறியோடு நிற்கிறார். விட்டுவிடுவோமா என்று கேட்டேன்.

“எங்கட பையுக்குள்ள எங்களோட நடந்து வந்தவ. எங்கட ஆள்தான். வை.”

அவரும் மேல் வரிசையில் இருக்கிறார், பெயரில்லாமல்.

தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மையேறிய துணியில் ஊசி போட்ட துளை மறையாது, பிரித்துத் தைக்க முடியாது. ஆகவே மெல்லிய கூர் ஊசியும் பொறுமையும் வேண்டும். படத்தைச் சுற்றி அரை அங்குலம் வெறுந்துணி விட்டு அடித்தால், தையலுக்குக் கால் அங்குலம் போன பிறகும் யாருடைய காதும் தலையும் வெட்டுப்படாது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது முகத்தின்மேல் நூல் ஓடக்கூடாது. தோளையும் தலையையும் சுற்றியே தைத்தேன். அதனால் ஒவ்வொரு உருவமும் பஞ்சில் சற்றே புடைத்து நிற்கிறது. அம்மாவின் விரல் இப்போது படிப்பது அந்தப் புடைப்பைத்தான்.

அம்மா அதைப் போர்த்துப் படுப்பதில்லை. குளிர்காலத்தில் யன்னலோரக் கதிரையில் இருக்கும்போது தோளில் போட்டுக்கொள்வார். வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்கிறோம், மை மங்கும். அழுக்கானால் குளிர்நீரில், மென்மையான சவர்க்காரத்தில், கையால் அலசுகிறோம். யார் வந்தாலும் அம்மா ஒரு சதுரத்தில் விரலை வைத்துத் தொடங்கிவிடுவார். என் தம்பியின் சின்ன மகளுக்கு மேல் வரிசை முழுவதும் மனப்பாடம்.

இதை வாசிக்கும் நீங்கள் போர்வை தைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் நேரமும் தையலும் வாய்க்காது. ஆனால் வீட்டில் பழைய படங்கள் இருந்தால், வயதானவர் ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள். பெயரையும் ஊரையும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தின் முதுகில் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வரும். மூலப்படத்தை எதற்காகவும் வெட்டாதீர்கள், ஸ்கான் எடுத்து அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். பழைய கல்வெட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். யாரோ ஒருவருடைய ஒரேயொரு முகம் அதற்குள் இருக்கக்கூடும்.